மேலட்டூரில் நின்ற தெலுங்கு மேளம்: ஒரு நிகழ்வு ஆய்வு

தஞ்சாவூருக்குக் கிழக்கே இருபது கிலோமீட்டருக்குள், பாபநாசம் வட்டத்தில் இருக்கிறது மேலட்டூர். சுற்றிலும் நெல் வயல். கோடை உச்சத்தில் நரசிம்ம ஜயந்தி வரும்போது, வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவிலேயே பந்தல் போட்டு, பிரகலாத சரித்திரம் ஆடுகிறார்கள். பாகவத மேளம் என்று பெயர்பெற்ற இந்த நாட்டிய நாடகம் இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும், பாட்டும் வசனமும் தெலுங்கு. பார்க்கிறவர்கள் தமிழர்கள். ஆடுகிறவர்களிலும் பலருக்கு வீட்டில் பேச்சு தமிழ்தான்.

இது எப்படி நடந்தது? காவிரிப் படுகைக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த கலைஞர்கள் ஏராளம். அவர்கள் கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று தலைமுறைக்குள் தமிழாகிவிட்டன, அல்லது அரண்மனையோடு சேர்ந்து காணாமல் போயின. மேலட்டூர் பாகவத மேளம் மொழி மாறாமல், ஊரும் மாறாமல் நானூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அதற்குப் பக்தியைக் காரணமாகச் சொல்வார்கள். பக்தி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கலைக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும் என்பது என் கருத்து.

வந்தவர்கள்

1565இல் தலைக்கோட்டைப் போரில் தக்காண சுல்தான்களின் கூட்டுப்படை விஜயநகரத்தைத் தோற்கடித்தது. ராமராயர் களத்திலேயே கொல்லப்பட்டார். தலைநகரம் சூறையாடப்பட்டது. அரச குடும்பம் பெனுகொண்டாவுக்கு ஒதுங்கியது. அரசையும் அதன் கோயில்களையும் நம்பியிருந்த பண்டிதர்கள், பாடகர்கள், ஆட்டக்காரர்கள் தெற்கு நோக்கி நடந்தார்கள்.

அவர்கள் தஞ்சாவூரைத் தேடி வந்ததற்குக் காரணம் இருந்தது. 1532 முதலே இங்கே செவ்வப்ப நாயக்கர் ஆட்சி. அவர் மனைவி விஜயநகர அரசர் அச்சுத தேவராயருக்கு மைத்துனி. அரண்மனைப் பேச்சு தெலுங்கு. தப்பி வந்தவர்களுக்கு அரண்மனை வாசல் தெரிந்த வாசல்தான். வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தால்தான் ஊர் அந்நியமாக இருந்திருக்கும்.

செவ்வப்பரின் மகன் அச்சுதப்ப நாயக்கர் அப்படி வந்த பாகவதர்களுக்கு, அதாவது இறைவன் கதைகளைப் பாடி ஆடுகிறவர்களுக்கு, மேலட்டூரைக் கொடுத்தார் என்பது ஊர் மரபு. ஐந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒரு வீடு, ஒரு கிணறு, கொஞ்சம் நிலம் என்று அந்த மரபு கணக்குச் சொல்கிறது. எண்ணிக்கை கூடக் குறைய இருந்தாலும், ஏற்பாட்டின் தன்மைதான் முக்கியம். அச்சுதபுரம், உன்னதபுரி என்ற பெயர்களும் இந்த ஊருக்கு உண்டு. மேலட்டூர் மட்டுமல்ல. சாலியமங்கலம், சூலமங்கலம், ஊத்துக்காடு, தேப்பெருமாநல்லூர், நல்லூர் ஆகிய ஊர்களிலும் பாகவத மேளம் இருந்தது. சாலியமங்கலத்தில் இன்றும் ஆடுகிறார்கள்.

இந்தக் கொடையில் கவனிக்க வேண்டியது ஒன்று. பாகவதர்கள் அரண்மனைக்குக் கூப்பிட்டபோது வந்து ஆடிவிட்டுப் பொற்கிழி வாங்கிப் போகிற ஆட்கள் ஆக்கப்படவில்லை. நிலத்தில் உட்காரவைக்கப்பட்டார்கள். ஊர்ப் பெருமாள் முன்னால் ஆண்டுதோறும் ஆடுவது அவர்களுடைய கடமை ஆனது. வந்தவர் கையில் பொன்னைக் கொடுத்தால் அது அவரோடு போய்விடும். வயலைக் கொடுத்தால் அவர் பேரன் பேத்தியும் அங்கேயே இருப்பார்கள். ஆந்திரத்தில் கூச்சிப்பூடிக்கும் இதே கதைதான். 1678 வாக்கில் கோல்கொண்டா சுல்தான் அபுல் ஹசன் தானா ஷா அந்த ஊரையே பாகவதர் குடும்பங்களுக்கு மானியமாகக் கொடுத்ததாகச் சொல்வார்கள். மன்னர் இந்துவா முஸ்லிமா என்பதை விட, கொடுத்தது நிலமா பணமா என்பதுதான் அந்தக் கலையின் ஆயுளைத் தீர்மானித்திருக்கிறது.

அரண்மனை மாறியது

தஞ்சை நாயக்கர் அவையிலும் இதே வகை இசை நாடகம், யட்சகானம், செழித்தது. விஜயராகவ நாயக்கர் தாமே யட்சகானங்கள் எழுதினார். அவருடைய அவையில் ரங்காஜம்மா என்ற பெண் கவிஞர் மன்னாருதாச விலாசம் எழுதினார். ஆந்திரத்து முவ்வாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் க்ஷேத்ரய்யாவின் பதங்களும் அங்கே பாடப்பட்டன. 1673இல் மதுரைப் படை தஞ்சையைப் பிடித்தது. விஜயராகவர் இறந்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏகோஜி வந்து மராட்டிய ஆட்சியை நிறுவினார். நாயக்கர் அவையின் யட்சகானங்கள் இன்று சுவடியிலும் அச்சிலும் இருக்கின்றன. தெருவில் இறங்கி ஆட ஆள் இல்லை.

மேலட்டூருக்கு அந்தக் கதி நேரவில்லை. ராஜா மாறினாலும் வயல் மாறவில்லை, பெருமாளும் மாறவில்லை.

மராட்டியர்கள் வந்தபிறகு தஞ்சை இன்னும் விசித்திரமானது. தமிழ் நாட்டில், மராத்தி பேசும் அரசர், தெலுங்கில் நாடகம் எழுதினார். சஹஜி மன்னர் (ஆட்சி 1684 முதல்) திருவாரூர்க் கோயில் இறைவன் தியாகராஜரைப் பாட்டுடைத் தலைவராக்கிப் பல்லகி சேவா பிரபந்தம் செய்தார். பாத்திரங்கள் ஐந்து மொழிகளில் பேசும் பஞ்சபாஷா விலாசம் என்ற நாடகமும் அவர் பெயரில் இருக்கிறது. ஒரு மொழிக்காரர் இன்னொரு மொழிக்காரரைத் துரத்தாமல் ஒரே மேடையில் நிறுத்திய அந்த மனசை இன்று நினைத்தாலும் எனக்கு மரியாதை வருகிறது.

மேலட்டூர்க்காரர்கள் இந்த அவைக்குப் போகாமல் இல்லை. மேலட்டூர் காசிநாத கவி இயற்றிய சப்தங்கள் மராட்டிய மன்னர்களைப் போற்றுபவை. அரசருக்குச் சலாம் வைத்து முடிபவை. பரதநாட்டியக் கச்சேரியில் ஜதிஸ்வரத்துக்கு அடுத்து வரும் சப்தம் என்ற உருப்படிக்கு இந்த ஊர் கொடுத்த பங்கு அது. மேலட்டூர் வீரபத்ரய்யா அடுத்த பெயர். முத்துஸ்வாமி தீட்சிதரின் தந்தை ராமஸ்வாமி தீட்சிதர் அவரிடம் கற்றார். அகதிகளின் ஊர் ஒன்று இரண்டு நூற்றாண்டில் கர்நாடக இசையின் வேர்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஊராகிவிட்டது.

பாகவத மேளத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் மேலட்டூர் வேங்கடராம சாஸ்திரி. கீர்த்தனைகள் இயற்றிய தியாகராஜரின் காலத்தில், அவருக்குச் சற்று மூத்தவராக வாழ்ந்தவர். பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ஹரிச்சந்திரா, ருக்மாங்கதா, மார்க்கண்டேயா என்று பல நாடகங்கள் எழுதினார். அவர் எழுதிய தெலுங்கை விஜயநகரத்துத் தெலுங்கு என்று நினைக்கக்கூடாது. வந்து பல தலைமுறை கழித்து, காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒருவர், தஞ்சை ராகங்களில் போட்ட தெலுங்கு அது. பாத்திரங்கள் நுழையும்போது பாடும் தரு, ஆட்டத்துக்குரிய ஜதி, கர்நாடக ராகம் எல்லாம் இந்த மண்ணில் கூடியவை.

ஹரிகதை ஏன் தமிழானது, மேளம் ஏன் ஆகவில்லை

இங்கேதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மராட்டியர் காலத்திலும் அதை ஒட்டியும் வடக்கேயிருந்து கீர்த்தன்காரர்கள், பாட்டோடு கதை சொல்கிறவர்கள், தஞ்சைக்கு வந்தார்கள். சாகி, திண்டி, ஓவி, அபங்கம் என்று மராத்திச் சந்தங்களைக் கொண்டுவந்தார்கள். மோர்காவ்கர் ராமச்சந்திர பாவா அவர்களில் பேர்பெற்றவர். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அந்த முறையைப் பார்த்து, தமிழில் கதை சொல்லி, நடுவில் தமிழும் தெலுங்கும் மராத்தியுமாகப் பாட்டுகளைக் கோத்து, தமிழ் ஹரிகதையை நிறுத்தினார். சந்தம் மராத்தியாக இருந்தாலும் பேச்சு தமிழானது.

காரணம் எளிது. ஹரிகதை செய்கிறவர் ஊர் ஊராகப் போகிறார். யார் கூப்பிடுகிறார்களோ அவர்கள் சம்பாவனை தருகிறார்கள். கேட்பவருக்குப் புரியவில்லை என்றால் அடுத்த மாதம் கூப்பிட மாட்டார்கள். மேலட்டூர் பாகவதருக்கு அந்த நெருக்கடி இல்லை. அவருடைய அரிசி தெருக்கோடி வயலிலிருந்து வந்தது. தரு புரிந்தாலும் புரியாவிட்டாலும் அறுவடை வரும். அதனால் கலை தன் மொழியை விடவேண்டிய கட்டாயமே வரவில்லை. பலரும் இதை மரபின் தூய்மை என்று புகழ்கிறார்கள். எனக்கு இது முதலில் நில ஏற்பாட்டின் விளைவாகத்தான் தெரிகிறது.

கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் குடும்பத்தையும் நினைத்துக்கொள்ளலாம். அவர்களும் இடம்பெயர்ந்தவர்களே. காஞ்சிபுரத்திலிருந்து பங்காரு காமாட்சியின் தங்கச் சிலையைத் தூக்கிக்கொண்டு, உடையார்பாளையம் போன்ற இடங்களில் தங்கி, திருவாரூர் வந்து, கடைசியில் தஞ்சாவூர் மேல ராஜ வீதியில் நிலைபெற்றார்கள். சியாமா சாஸ்திரி பிறந்தது 1762இல் திருவாரூரில். சாமியை உடன் கொண்டுவந்தவர்கள் அவர்கள். மேலட்டூர்க்காரர்களோ வந்த ஊர்ச் சாமிக்கு ஆடினார்கள். ஆகவே அவர்கள் ஆட்டத்தில் ஊர் கலந்தது.

ஊர் கலந்த விதம்

ஆட்டம் தொடங்கும்போது முதலில் வருவது கோணங்கி. கூம்புத் தொப்பி வைத்துக்கொண்டு தாளத்துக்குத் துள்ளிக் குதித்து, கூட்டத்தை அமைதிப்படுத்தப் போகிறேன் என்று சொல்லிப் போகிறவர். அப்புறம் தோடய மங்கலம் என்ற தொடக்க வாழ்த்துப் பாட்டு. பிறகு யானைமுக முகமூடி போட்ட சிறுவன் கணபதியாக வருவான். அவன் வந்து போனபிறகு கட்டியக்காரன் இரணியனின் வரவை அறிவிப்பார்.

கட்டியக்காரன் தமிழ்த் தெருக்கூத்துக்குச் சொந்தக்காரர். தெருக்கூத்தில் அவர் இல்லாமல் ராஜா வரமாட்டார். தெலுங்கு மேளத்தின் கதவைத் திறந்துவிடுகிறவர் இந்த மண்ணோடு இப்படி ஒட்டியிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மேடை விருந்தாளிக்குக் கொடுக்கப்பட்டது. வாசலில் நிற்பவர் உள்ளூர்க்காரர்.

இன்னும் கொஞ்ச தூரம் போனால் தஞ்சை வட்டாரத்து ஆர்சுத்திப்பட்டு, நார்த்தேவன்குடிக்காடு போன்ற ஊர்களில் இரணிய நாடகம் நடக்கிறது. அதே இரணியன், அதே பிரகலாதன், அதே தாய் லீலாவதி. ஆனால் தமிழில். அங்கே வேடம் கட்டுகிறவர்கள் அக்கிரகாரத்துக்காரர்கள் இல்லை, ஊர்க் குடியானவர்கள். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு பேர் வேடம் கட்டி ஒருசேர ஆடும் முறையும் அங்கே உண்டு. பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். இவர்கள் அவர்களிடம் எடுத்தார்களா, அவர்கள் இவர்களிடம் எடுத்தார்களா என்று வழக்காட எனக்கு விருப்பமில்லை. ஒரே வெயிலில், ஒரே மாவட்டத்தில், ஒரே கதையை இரண்டு சமூகங்கள் இரண்டு மொழிகளில் விடிய விடிய ஆடிவந்திருக்கின்றன. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

மேலட்டூரில் நரசிம்மர் முகமூடி கோயிலில் வைத்துப் பூசை செய்யப்படுவது. அதை அணிகிறவர் விரதம் இருப்பார். விடியலை ஒட்டித் தூண் பிளக்கும் கட்டத்தில் அவருக்கு ஆவேசம் வரும். நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் தெருவில் யாருக்கும் மொழி தேவைப்படாது. ஒருமுறை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள், பக்கத்துக் கிராமத்திலிருந்து பாயும் தலையணையுமாக வந்தவர், இரணியனும் லீலாவதியும் பாடிக்கொண்ட ஒவ்வொரு கட்டத்தையும் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். “அந்தப் புள்ளைய வெசம் குடிக்கச் சொல்றான் பாரு தம்பி, பெத்த தாயி எப்படித் தாங்குவா” என்றார். அவருக்குத் தெலுங்கு தெரியாது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறார், அவ்வளவுதான். தெலுங்கு நாடகத்துக்குத் தமிழில் ஒரு பொருள்விளக்கம் இந்தத் தெருவில் வாய்வழியாகவே இருந்துவந்திருக்கிறது. அதை யாரும் ஏட்டில் எழுதவில்லை.

யார் சுமந்தார்கள்

நிலம்தான் கலையைக் காத்தது என்று சொன்னபிறகு, அந்த நிலத்தில் உழுதவர்களைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. அக்கிரகாரத்து மிராசுதார் ஏர் பிடிக்கவில்லை. பிடித்தவர்கள் பண்ணையாட்களும் குத்தகைக்காரர்களும். நாற்று நட்ட பெண்களின் உழைப்புத்தான் நானூறு ஆண்டும் அந்தப் பந்தலுக்குக் கால் ஊன்றியது. அவர்களுக்கு மேடையில் இடம் இல்லை. பார்வையாளராக எவ்வளவு கிட்டே வரலாம் என்பதற்கும் நெடுங்காலம் எல்லை இருந்தது. அக்கிரகாரத்துப் பெண்களுக்கும் வேடம் இல்லை. லீலாவதியும் சந்திரமதியும் உஷாவும் ஆண்கள் கட்டும் வேடங்கள். அகதியாக வந்த ஒரு சமூகம் இன்னொருவருக்குக் கதவைத் திறக்க மறந்தது என்பதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

1855இல் தஞ்சை மராட்டிய அரசு முடிந்தது. கடைசி மன்னர் சிவாஜிக்கு ஆண் வாரிசு இல்லை என்று ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். அவை ஆட்டக்காரர்களுக்கும் பாடகர்களுக்கும் சென்னைக்கும் மைசூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் போகும் வழி ஏற்கனவே தெரிந்திருந்தது. தஞ்சை நால்வர் என்ற நட்டுவனார் சகோதரர்களில் வடிவேலு சுவாதித் திருநாள் அவைக்கும் சின்னையா மைசூருக்கும் முன்பே போயிருந்தார்கள். மேலட்டூர் அப்போதும் அசையவில்லை. அசைத்தது அதற்குப் பிறகு வந்த ஆங்கிலப் படிப்பும் உத்தியோகமும். படித்த பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். பாரதம் நடேச அய்யர் போன்ற சிலர் கட்டிக் காத்தார்கள். ஸ்திரீ வேடத்தில் அவருக்குப் பெரிய பெயர். அவருக்குப் பிறகு ஆட்டம் தளர்ந்தது.

1930களின் முடிவில் பாலு பாகவதர் முதலானவர்கள் திரும்ப எடுத்து நிறுத்தினார்கள். பரதநாட்டிய மறுமலர்ச்சிக்கு உழைத்த இ. கிருஷ்ணய்யர் சென்னையிலிருந்து வந்து பார்த்து எழுதினார், ஆட்களைக் கூட்டிவந்தார். ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் உஷா பரிணயம், ருக்மாங்கத சரித்திரம் ஆகியவற்றை மேடையேற்றினார். அங்கே பெண்கள் ஆடினார்கள். ஊரில் ஆணுக்கென்று இருந்தது சென்னைக்குப் போய்ப் பெண் உடலுக்கு வந்தது. மாங்குடி துரைராஜ அய்யர் வழியாக மேலட்டூர் பாணி என்ற பெயரில் பரதநாட்டியத்திலும் ஒரு கிளை உண்டானது.

அந்தக் காலத்தின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாகவத மேளத்தைப் பக்தியின் தூய வடிவம் என்று தூக்கிப்பிடித்த அதே ஆண்டுகளில், பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிர் ஆடிய இசை வேளாளர் பெண்கள் மேடையிலிருந்து ஒதுக்கப்பட்டார்கள். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அவர்கள் இந்த மண்ணின் கலைஞர்கள். சொந்த ஊரிலேயே கலையை இழந்தவர்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்த அடைக்கலம் உள்ளே இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1961இல் நில உச்சவரம்புச் சட்டம். உழுதவருக்கு உரிமை வந்தது, வரவேண்டியதுதான். அச்சுதப்பர் காலத்து ஏற்பாடு அத்தோடு தளர்ந்தது. என் வாதப்படி, இந்த இடத்தில் மேளம் பார்ப்பவர் கையை எதிர்பார்த்துத் தமிழுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. ஏனென்றால் வயலின் இடத்துக்குச் சபாக்களும் அரசு நல்கையும் நகரத்து நன்கொடையும் வந்தன. அவர்கள் பணம் கொடுத்தது பழமைக்கு. மாற்றாமல் வைத்திருப்பதற்கே மதிப்பு. ஆக இரண்டாம் முறையும் தெருவில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதைக் கேட்கவேண்டிய நிலை மேளத்துக்கு வரவில்லை.

இப்போது

இன்று வேடம் கட்டுகிறவர்களில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் அதற்கும் அப்பாலும் வேலை பார்க்கிறவர்கள். விடுப்புப் போட்டுவிட்டு ஜயந்திக்கு வருகிறார்கள், ஒத்திகை பார்க்கிறார்கள், விரதம் இருக்கிறார்கள், ஆடிவிட்டுப் போகிறார்கள். ஊரில் இரண்டு குழுக்கள் தனித்தனியே நடத்துகின்றன. அக்கிரகாரத்து வீடுகள் பல கைமாறிவிட்டன. விஜயநகரம் யார் நினைவிலும் இல்லை. ஏங்கித் திரும்பி வருகிற சொந்த ஊர் மேலட்டூராகிவிட்டது. ஒரு புகலிடம் முழுக்கத் தாய்மண்ணாக மாறியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் ஆட்கள் குறைகிறார்கள் என்பது அங்கே எல்லாரும் பேசுகிற விஷயம். எட்டு வயதில் பிரகலாதன் வேடம் கட்டின பையன்தான் இருபது வருஷம் கழித்து லீலாவதிக்குத் தயாராகிறான். அந்த வயதில் அவன் ஊரில் இருக்கவேண்டும், மாலை ஒத்திகைக்கு வரவேண்டும், தருவைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தாவது பொருள் தெரிந்து பாடவேண்டும். நகரத்தில் வளரும் பிள்ளைக்கு இது முடியாது. மேலட்டூரிலேயே வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் அக்கிரகாரத்துப் பிள்ளைகள் இல்லை, அவ்வளவுதான். அவர்களில் தாளம் நிற்கிற பையனையும், ஏன், பெண்ணையும், ஒத்திகைக்கு உட்காரவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தெலுங்கை மாற்றச் சொல்லவில்லை. வேங்கடராம சாஸ்திரியின் தருக்கள் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் கட்டியக்காரன் தமிழில் கதை சொல்லட்டும். அது அவர் வேலைதான். பக்கத்துக் கிராமத்து இரணிய நாடகக்காரர்களை ஒரு வருஷம் அதே பந்தலுக்குக் கூப்பிட்டு, முதல் இரவு அவர்கள், அடுத்த இரவு இவர்கள் என்று ஆடவிடலாம். தெலுங்குப் பிரகலாதனும் தமிழ்ப் பிரகலாதனும் ஒரே தெருவில் ஆடுவதற்குச் செலவு அதிகம் ஆகாது. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினால் அடுத்த கோடைக்கே நடத்தலாம்.